மென்பொருள் லாக்-இன் கொண்டு அதிர்வெண் அளப்பது: சவுண்ட் கார்டும் ஸ்டீல் ஸ்கேலும் வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் என்பது, நாம் சொல்லும் ஒரே அதிர்வெண்ணில் உள்ள சிக்னலை மட்டும் பிரித்து அளக்கும் கருவி. அதனிடம் எதைக் கொடுத்தாலும் ஓர் எண்ணைத் தந்துவிடும். சென்சார் ஒயர் கழன்று கிடந்தாலும் தரும். அந்த எண் ஆடாமல் அசையாமல் நிற்கவும் செய்யும். புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இதுதான். இரைச்சலுக்குள் புதைந்த சிக்னலை மீட்பதில் இதற்கு இணை குறைவு. ஆனால் நீங்கள் கொடுக்கும் உந்துதலோடு சேர்ந்தே ஓடிவரும் கசிவை இதனால் பிரித்தறியவே முடியாது. கீழே உள்ள படிகளின் வரிசை அந்தக் கசிவை முதலில் பிடிப்பதற்காக அமைந்தது. வரிசையை மாற்றினால் வேலை குறையாது, சந்தேகம்தான் கூடும்.

எடுத்துக்கொண்ட வேலை: ஒரு முனை வைஸில் இறுக்கிய ஸ்டீல் ஸ்கேலின் இயல் அதிர்வெண்ணை (சுண்டிவிட்டால் அது தானாக அதிரும் அதிர்வெண்ணை), நூறில் ஒரு ஹெர்ட்ஸுக்கும் நுட்பமாக அளப்பது. தனியாக லாக்-இன் கருவி வேண்டாம். கணினி, இரண்டு சேனல் சவுண்ட் கார்டு, பைத்தான் போதும். ஒரு சுருள், ஸ்கேலின் நுனியில் ஒட்டிய காந்தத்தை உந்தி ஸ்கேலை ஆட்டும்; ஒரு சென்சார் அந்த ஆட்டத்தை அளக்கும்.

## 1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ். மடிக்கணினியின் மைக் துளை பெரும்பாலும் ஒற்றைச் சேனல்தான். அதில் மைக்குக்கான சிறு மின்னழுத்தமும் சேர்ந்து வரும். நமக்கு இரண்டு சேனலும் ஒரே நேரத்தில் வேண்டும்: ஒன்று சென்சாருக்கு, மற்றொன்று ரெஃபரன்ஸுக்கு, அதாவது ஒப்பிடுவதற்கான உந்துதல் அலைக்கு.

ஒலியை வெளியே விடுவதும் உள்ளே எடுப்பதும் ஒரே கருவியாக இருக்க வேண்டும். வெளியே விட மடிக்கணினி, உள்ளே எடுக்க யூஎஸ்பி கார்டு என்று வைத்தால் இரண்டு கருவிகளின் கடிகாரப் படிகங்களும் இரண்டு வேகத்தில் ஓடும். வித்தியாசம் பத்து லட்சத்தில் 20 பங்கு என்றாலே, 80 ஹெர்ட்ஸில் கட்டம் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறது என்பது) பத்து நிமிடத்துக்கு ஒரு முழுச் சுற்று நகர்ந்துவிடும். ஸ்கேல் சும்மா இருக்கும், நீங்கள் அது சூடாகிறது என்று நினைப்பீர்கள். புளூடூத் பக்கமே போக வேண்டாம்.

சிறிய ஆம்ப்ளிஃபயர், சுருள், 1 ஓம் ரெசிஸ்டர். எல்எம் 386 போல ஒரு முனை கிரவுண்டில் இருக்கும் வகையாகப் பாருங்கள். பிஏஎம் 8403 போர்டுகள் மலிவு என்பதால் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். அதன் இரண்டு வெளியீட்டு முனைகளுமே உயிருள்ளவை, எதையும் கிரவுண்டில் சேர்க்கக் கூடாது. சவுண்ட் கார்டின் கிரவுண்டை அங்கே தொட்டால் போர்டு போய்விடும்.

சின்ன நியோடிமியம் காந்தம், 6 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன். பிளவுள்ள ஒளி சென்சார், ஒரு பக்கம் எல்இடி, எதிர்ப்பக்கம் ஃபோட்டோ டிரான்சிஸ்டர் உள்ளது. எம்ஓசி 7811 என்று கேட்டால் சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையிலும் எடுத்துத் தருவார்கள்.

மென்பொருளில் பைத்தானோடு நம்பை, சைபை, சவுண்ட்டிவைஸ் ஆகிய மூன்று நூலகங்களும். சவுண்ட்டிவைஸில் 'பிளேரெக்' என்றொரு கட்டளை உண்டு. ஒலியை விட்டுக்கொண்டே பதிவும் செய்யும். நமக்கு அதுதான் உயிர்.

## 2. எதையும் இணைக்கும் முன் எதிர்பார்க்கும் எண்ணைக் கணக்கிடுங்கள்

ஒரு முனை இறுக்கிய பட்டையின் முதல் அதிர்வெண்: 0.1615 × தடிமன் ÷ நீளத்தின் வர்க்கம் × எஃகில் ஒலியின் வேகம். அந்த வேகம், அதாவது யங் குணகத்தை அடர்த்தியால் வகுத்ததன் வர்க்கமூலம், நொடிக்கு ஏறத்தாழ 5050 மீட்டர்.

1 மி.மீ. தடிமனுள்ள ஸ்கேல் 10 செ.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் 81 அல்லது 82 ஹெர்ட்ஸ் வரும். இரண்டாம் முறை அதிர்வு அதைப்போல 6.27 மடங்கு, அதாவது 510 ஹெர்ட்ஸ் அருகில்.

காந்தத்தை நுனியில் ஒட்டினால் இது குறையும். 2.5 செ.மீ. அகலமுள்ள அந்த 10 செ.மீ. துண்டின் எடை ஏறத்தாழ 20 கிராம். ஆனால் நுனியில் உணரப்படும் நிறை அதில் கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. அதனால் 0.4 கிராம் காந்தமே அதிர்வெண்ணை 4 சதவீதம் இறக்கிவிடும். 78 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தேட வேண்டும்.

இந்தக் கணக்கைத் தவிர்ப்பவர்கள் 50 ஹெர்ட்ஸிலோ 100 ஹெர்ட்ஸிலோ ஒரு சிகரத்தைக் கண்டு மகிழ்ந்துபோவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அது வீட்டு மின்சாரம். உங்கள் கணக்கு 48க்கும் 52க்கும் இடையிலோ 100 அருகிலோ விழுந்தால், ஸ்கேலை ஒரு செ.மீ. உள்ளே தள்ளியோ வெளியே இழுத்தோ வைத்து விலகிக்கொள்ளுங்கள். லாக்-இன் எவ்வளவு குறுகிய வடிகட்டியானாலும், மின்தடத்தின் மேலேயே உட்கார்ந்து அளப்பதில் அர்த்தமில்லை. அந்த 50 ஹெர்ட்ஸ் ஓரிடத்தில் நிற்பதும் இல்லை.

## 3. சவுண்ட் கார்டின் புத்திசாலித்தனத்தை அணைத்து வையுங்கள்

தானியங்கி ஒலியளவு, இரைச்சல் நீக்கம், எதிரொலி நீக்கம், 'ஒலி மேம்பாடு' எல்லாம் பேச்சுக்காக எழுதப்பட்டவை. நிலையான ஒரு சைன் அலையைப் பார்த்ததும் இரைச்சல் நீக்கி அதை விசிறிச் சத்தம் என்று முடிவுகட்டி மெல்ல மெல்லக் குறைக்கும். நீங்கள் அதை ஸ்கேலின் அதிர்வு தணிகிறது என்று எழுதுவீர்கள்.

சாம்பிள் வேகத்தை 48000 என்று இயக்க முறைமையிலும் புரோகிராமிலும் ஒன்றாக வையுங்கள். ஓரிடத்தில் 44100 இருந்தால் நடுவில் ஒரு மாற்றி புகுந்து வேலை செய்யும், உங்களுக்குச் சொல்லாது. விண்டோஸில் வாசாபி தனிப்பயன் முறை, லினக்ஸில் அல்சாவின் நேரடிக் கருவிப் பெயர் ஆகியவற்றைத் தேர்ந்தால் இந்த மாற்றியைத் தாண்டிச் செல்லலாம்.

அளவைப் பொறுத்தவரை, சிக்னலின் உச்சம் முழு எல்லையில் பாதியைத் தாண்டாமல் இருக்கட்டும். தலை வெட்டுப்பட்ட சிக்னலையும் லாக்-இன் அழகாக வாங்கிக்கொள்ளும். வெட்டியதால் பிறந்த மேல் அலைகளை அதுவே ஒதுக்கிவிடுவதால் வெளியே ஒன்றும் தெரியாது, வீச்சு மட்டும் தவறாக இருக்கும். ஆகவே மூல அலையின் உச்சத்தைப் புரோகிராம் ஒவ்வொரு அளவீட்டிலும் தனியே அச்சிட வேண்டும்.

## 4. கணக்குப் பகுதியை எழுதுதல்

லாக்-இன்னின் உள்ளே நடப்பது கொஞ்சம்தான். சிக்னலை அதே அதிர்வெண்ணுள்ள கொசைனால் பெருக்கிச் சராசரி எடுத்தால் எக்ஸ். கழித்தல் குறியிட்ட சைனால் பெருக்கிச் சராசரி எடுத்தால் ஒய். இரண்டையும் 2ஆல் பெருக்கினால் உச்ச வீச்சின் அளவில் வரும். வர்க்கங்களின் கூட்டலுக்கு வர்க்கமூலம் எடுத்தால் வீச்சு. இரண்டு வாதம் எடுக்கும் ஆர்க்டேன் கட்டத்தைத் தரும். கருவியாக விற்கப்படும் லாக்-இன்கள் வழக்கமாக ஆர்எம்எஸ் மதிப்பை, அதாவது உச்ச வீச்சை 1.414ஆல் வகுத்ததைக் காட்டும். அவற்றோடு ஒப்பிடும்போது 1.414 என்ற காரணியை மறக்க வேண்டாம்.

இந்தச் சின்ன நிரலில் மூன்று இடங்களில் கால் தடுக்கும்.

ரெஃபரன்ஸைச் சதுர அலையாக எழுதுவது. கூட்டல் ஒன்று, கழித்தல் ஒன்று என்று பெருக்குவது எளிது என்பதால் சிலர் செய்கிறார்கள். சதுர அலைக்குள் மூன்றாம், ஐந்தாம் மேல் அலைகளும் இருக்கின்றன. 78இல் நிற்கும்போது 234இல் உள்ள இரைச்சலின் மூன்றில் ஒரு பங்கும் உள்ளே வந்துவிடும். கணினியில் சைனுக்குத் தனி விலை கிடையாது.

ஒற்றைத் துல்லிய எண்கள். 32 பிட் மிதவைப் புள்ளி எண் 1.67 கோடிக்கு மேல் அடுத்தடுத்த முழு எண்களைப் பிரித்தறியாது. 48000 வேகத்தில் அது ஆறு நிமிடம்கூட இல்லை. கட்டம் அதற்கும் வெகு முன்பே கெட்டுவிடும். நேரத்தையும் கட்டத்தையும் 64 பிட்டிலேயே வையுங்கள். கட்டத்தைச் சுற்றுகளாக எண்ணி, முழுச் சுற்றைக் கழித்துப் பின்னத்தை மட்டும் வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

அதிர்வெண் மாறும்போது அலையைப் பூஜ்யத்திலிருந்து தொடங்குவது. அந்த இடத்தில் அலை முறிந்து ஒரு 'டிக்' போகும். அது ஸ்கேலை விரலால் சுண்டிவிடுவதற்குச் சமம். முந்தைய படியின் கட்டம் எங்கே நின்றதோ அங்கிருந்தே அடுத்த அதிர்வெண் தொடர வேண்டும்.

சராசரிக்கு எந்த வடிகட்டி என்பது அடுத்த கேள்வி. கருவிகளில் உள்ளதுபோல் ஆர்சி (மின்தடை-மின்தேக்கி) வடிகட்டிகளை அடுக்கினால், ஓர் அடுக்குக்கு நேர மாறிலியைப்போல 5 மடங்கும் நான்கு அடுக்குக்கு 10 மடங்கும் காத்திருந்தால்தான் அளவு 99 சதவீதத்தைத் தொடும். பதிவு செய்து கணக்கிடும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 2 நொடித் துண்டை வெட்டி, ஹான் சாளரத்தால் (இரு முனைகளிலும் மெல்லப் பூஜ்யமாகும் எடைகளால்) பெருக்கிச் சராசரி எடுங்கள். துண்டுக்குள் முழு எண்ணிக்கையில் சுற்றுகள் அமையாவிட்டாலும், பெருக்கலில் பிறக்கும் இருமடங்கு அதிர்வெண் அலையை ஹான் அடித்துத் தள்ளிவிடும்.

## 5. லூப்பேக்: சென்சார் இல்லாமல் முதல் அளவீடு

சவுண்ட் கார்டின் வெளியீட்டை நேராக இரண்டு உள்ளீடுகளிலும் செருகுங்கள். காந்தம், சுருள் எதுவும் இப்போது வேண்டாம்.

புரோகிராமை ஓட்டினால் ஒவ்வொரு முறையும் கட்டம் வேறுவேறாக வரும். கணினி ஒலியை அனுப்பத் தொடங்கிய கணத்துக்கும் பதிவு தொடங்கிய கணத்துக்கும் உள்ள தாமதம் நிலையானது அல்ல. அதனால்தான் இரண்டாவது சேனல். இரண்டு சேனலுக்கும் ஒரே கணக்கைச் செய்து, சிக்னலின் கலப்பெண்ணை (எக்ஸ் மெய்ப் பகுதி, ஒய் கற்பனைப் பகுதி) ரெஃபரன்ஸின் கலப்பெண்ணால் வகுத்துவிடுங்கள். தாமதம் இரண்டிலும் பொது என்பதால் அடிபட்டுப் போகும். இனி இந்த வழிகாட்டியில் எக்ஸ், ஒய், கட்டம் என்று சொல்வதெல்லாம் வகுத்த பின் வருபவையே.

லூப்பேக்கில் விடை 1, கட்டம் 0 என்று வர வேண்டும். அதிர்வெண் ஏற ஏறக் கட்டம் நேர்க்கோட்டில் நகர்ந்தால், இரு சேனல்களுக்கும் இடையே நேர வித்தியாசம் உண்டு. ஒரு சாம்பிள் வித்தியாசம் 80 ஹெர்ட்ஸில் 0.6 டிகிரி. கோப்பில் எழுதி வைத்துப் பின்னர் கழித்தால் போதும்.

அடுத்து, சிக்னல் சேனலின் ஒயரைப் பிடுங்கி உள்ளீட்டைக் குறுக்கிணைத்து நூறு துண்டுகள் எடுங்கள். எக்ஸையும் ஒய்யையும் ஒரு தளத்தில் புள்ளிகளாக வைத்தால் பூஜ்யத்தைச் சுற்றி ஒரு சிறு மேகம் தெரிய வேண்டும். மேகத்தின் விட்டம் இரைச்சல். அதன் மையம் பூஜ்யத்திலிருந்து விலகியிருந்தால் சேனல்களுக்கிடையே கசிவு. இங்கே வீச்சைச் சராசரி எடுக்காதீர்கள். வீச்சு ஒருபோதும் எதிர்மறை ஆகாது என்பதால் வெறும் இரைச்சலின் சராசரியும் பூஜ்யத்துக்கு மேலேதான் நிற்கும், இல்லாத சிக்னல் இருப்பதாகத் தோன்றும். எப்போதும் எக்ஸ், ஒய் இரண்டையும் தனித்தனியே சராசரி எடுத்த பிறகே வீச்சுக்குப் போக வேண்டும்.

## 6. வைஸும் உந்துதலும்

ஸ்கேலை மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து இறுக்காதீர்கள். மரம் நசுங்கும், இறுக்கம் மணிக்கணக்கில் தளரும். எஃகு வைஸ், விளிம்பு ஸ்கேலுக்குச் செங்குத்து, வைஸ் கனமான மேசையில் போல்ட் செய்யப்பட்டது என்று இருக்கட்டும். சுருள் மட்டும் வேறு தாங்கியில் நிற்க வேண்டும். அதே மேசையில் கட்டினால் சுருளின் எதிர்விசை மேசையை ஆட்டும், மேசையின் அதிர்வும் உங்கள் வளைகோட்டில் ஒரு மேடாகச் சேர்ந்துகொள்ளும்.

ஸ்கேல் இரும்புதானே, சுருள் நேராக இழுக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. இழுக்கும். ஆனால் காந்தம் இல்லாத இரும்பின் மீதான விசை மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் ஈர்ப்புதான். எனவே 78 ஹெர்ட்ஸ் கொடுத்தால் ஸ்கேல் 156இல் உந்தப்படும், லாக்-இன் 78இல் தேடிக்கொண்டிருக்கும். 39 கொடுக்கும்போது மூல அலையில் ஒரு மர்மச் சிகரம் தெரிந்தால் காரணம் இதுவே. நுனியில் ஒட்டிய காந்தம் விசையை மின்னோட்டத்துக்கு நேர்விகிதமாக்குகிறது. காந்தத்தை அரால்டைட் போட்டு ஒட்டுங்கள். இரட்டை டேப் ரப்பர்போல நெளிந்து கட்டத்தைக் கெடுக்கும்.

ரெஃபரன்ஸை எங்கிருந்து எடுப்பது? சவுண்ட் கார்டின் வெளியீட்டிலிருந்து எடுத்தாலும் வேலை நடக்கும். ஆனால் விசை மின்னோட்டத்தோடு ஒத்துப் போவது, மின்னழுத்தத்தோடு அல்ல. 8 ஓம், 5 மில்லிஹென்றி சுருளில் 80 ஹெர்ட்ஸில் இரண்டுக்கும் இடையே 17 டிகிரி வித்தியாசம். சுருளின் கிரவுண்டுப் பக்கத்தில் 1 ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, அதன் மேல் விழும் மின்னழுத்தத்தை இரண்டாம் சேனலுக்குக் கொடுங்கள். பிஏஎம் 8403 வேண்டாம் என்றதற்கு இதுதான் காரணம்.

## 7. சென்சார்: எதை அளக்கிறீர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு ஒட்டுங்கள்

இந்த வேலைக்கு ஒளி சென்சாரையே பரிந்துரைப்பேன். ஸ்கேலைத் தொடுவதில்லை, எடை சேர்ப்பதில்லை, சுருளின் காந்தப்புலத்தையும் அவ்வளவாக வாங்குவதில்லை. ஸ்கேலின் விளிம்பு ஒளிக்கற்றையின் பாதியை மறைக்கும்படி நிறுத்துங்கள். நேர்விகிதமாக வேலை செய்யும் இடைவெளி மிகச் சிறியது, ஒரு மி.மீ.கூட இருக்காது. அதனால் உந்துதலைக் குறைவாக வையுங்கள். டியூப்லைட் மின்னல் 100 ஹெர்ட்ஸில் உள்ளே வரும், ஓர் அட்டைப் பெட்டியைக் கவிழ்த்து மூடிவிடுங்கள்.

நேர்விகிதம் தாண்டியதா என்று பார்க்கச் சுலப வழி உண்டு. அதே பதிவை, இருமடங்கு அதிர்வெண்ணை ரெஃபரன்ஸாக வைத்து மறுபடி கணக்கிடுங்கள். அங்கே வரும் வீச்சு முதன்மை அலையின் சில சதவீதத்தைத் தாண்டினால் உந்துதலைக் குறைக்க வேண்டும். பதிவு கையில் இருப்பதால் எத்தனை ரெஃபரன்ஸ் வேண்டுமானாலும் பின்னர் வைத்துப் பார்க்கலாம். மென்பொருள் லாக்-இன்னின் பெரிய லாபம் இது.

பீசோ தகடு (வளைத்தால் மின்னழுத்தம் தரும் தகடு) ஒட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 27 மி.மீ. தகட்டின் மின்தேக்குத் திறன் ஏறத்தாழ 20 நானோஃபேரட். லைன்-இன் துளையின் 10 கிலோஓமோடு சேர்ந்தால் அது 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதையெல்லாம் வெட்டும் வடிகட்டியாகிவிடும். 80 ஹெர்ட்ஸ் சிக்னல் பத்தில் ஒன்றாகச் சுருங்கிக் கட்டமும் 84 டிகிரி திரும்பும். கிட்டாருக்கான 1 மெகாஓம் துளையில் செருகினால் வெட்டும் இடம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கும், கட்டப் பிழையும் 6 டிகிரிக்குள் அடங்கும். தகட்டின் விறைப்பு ஸ்கேலோடு சேர்ந்துகொள்வதால் நீங்கள் அளப்பது ஸ்கேலும் தகடும் சேர்ந்த பொருளை.

ஏடிஎக்ஸ்எல் 335 முடுக்கமானி போர்டுகளில் இன்னொரு பொறி இருக்கிறது. சில்லுக்குள் 32 கிலோஓம். கடையில் கிடைக்கும் போர்டுகளில் வெளியீட்டில் வழக்கமாக 0.1 மைக்ரோஃபேரட். இரண்டும் சேர்ந்து 50 ஹெர்ட்ஸிலேயே சிக்னலைக் குறைக்கத் தொடங்கிவிடும். 80இல் கட்டம் 58 டிகிரி பின்னே போகும். சில்லு 500 ஹெர்ட்ஸுக்கு மேலும் தாங்கும் என்று தரவுத்தாள் சொல்வது உண்மைதான். போர்டு தாங்காது.

சென்சார் இடப்பெயர்ச்சியை அளக்கிறதா, வேகத்தையா, முடுக்கத்தையா என்பதையும் குறித்து வையுங்கள். ஒத்ததிர்வில், அதாவது உந்தும் அதிர்வெண் இயல் அதிர்வெண்ணோடு ஒன்றும்போது, இடப்பெயர்ச்சி விசைக்கு 90 டிகிரி பின்னால் இருக்கும், வேகம் விசையோடு ஒன்றாக இருக்கும், முடுக்கம் 90 டிகிரி முன்னால் நிற்கும். சுருளில் ஒயரை மாற்றிப் போட்டாலோ ஒளியை மறைக்கும் பக்கம் மாறினாலோ 180 டிகிரி புரளும். பதற வேண்டாம்.

## 8. பின்னணியை அளக்காமல் ஸ்வீப் போகாதீர்கள்

ஸ்வீப் என்பது உந்தும் அதிர்வெண்ணைப் படிப்படியாக மாற்றிக்கொண்டே அளப்பது. அதற்கு முன் ஒரு வேலை. எல்லாம் இணைத்தாயிற்று. உந்துதல் ஓடட்டும். ஒளிக்கற்றையின் பாதியை அசையாத ஓர் அட்டைத் துண்டால் மறைத்து, ஸ்கேலை அதிலிருந்து விலக்கி வையுங்கள். இப்போது வரும் எக்ஸும் ஒய்யும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இருக்காது. சுருளிலிருந்து சென்சார் ஒயருக்குத் தாவியது, பொதுவான கிரவுண்டு ஒயரில் ஏறியது என்று ஏதாவது கொஞ்சம் இருக்கும்.

எவ்வளவு நேரம் சராசரி எடுத்தாலும் இந்தக் கசிவு குறையாது. அது ரெஃபரன்ஸோடு பிணைந்தே வருகிறது. சுருள் ஒயர்களை முறுக்கி விடுங்கள், சென்சாருக்கு உறையுள்ள ஒயர் போடுங்கள், ஆம்ப்ளிஃபயரின் கிரவுண்டும் சென்சாரின் கிரவுண்டும் ஒரே ஒயரில் ஓடாமல் பாருங்கள். மீதமுள்ளதை எக்ஸ், ஒய் என இரண்டு எண்களாகவே எழுதி வைத்து, கலப்பெண்ணாகக் கழியுங்கள். வீச்சிலிருந்து வீச்சைக் கழிப்பது எந்த விதத்திலும் சரியல்ல. கட்டம் வேறானால் கசிவு சிக்னலைக் கூட்டவும் செய்யும்.

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களின் வளைகோடு ஒரே மாதிரி இருக்கும்: சிகரத்தின் ஒரு பக்கம் சரிவாகவும் மறுபக்கம் பள்ளமாகவும். சிகரத்தின் இடமும் நகர்ந்திருக்கும். வீச்சு உச்சமான இடமே இயல் அதிர்வெண் என்று எழுதிவிட்டால் பிழை அங்கேயே பதிவாகிவிடும்.

## 9. ஸ்வீப்: காத்திருக்கும் நேரம்தான் எல்லாம்

உந்தும் அதிர்வெண்ணை மாற்றியதும் ஸ்கேல் உடனே புது வீச்சுக்கு வராது. அதன் சொந்த நேர மாறிலி, கியூ மதிப்பை (அதிர்வு எவ்வளவு மெதுவாகத் தணிகிறது என்பதன் அளவை) அதிர்வெண்ணாலும் 3.1416ஆலும் வகுத்தால் கிடைக்கும். கியூ 200, அதிர்வெண் 78 என்றால் 0.8 நொடி. அதைப்போல 5 மடங்கு, அதாவது 4 நொடி, ஒவ்வொரு படியிலும் காத்திருந்துவிட்டு 2 நொடித் துண்டை எடுங்கள்.

வடிகட்டியின் காத்திருப்பும் ஸ்கேலின் காத்திருப்பும் வேறு வேறு. வடிகட்டியை வேகமாக வைத்தால் ஸ்கேல் வேகமாகிவிடாது. இதைக் குழப்பிக்கொள்பவர்களுக்கு, ஏறும் ஸ்வீப்பில் சிகரம் மேலேயும் இறங்கும் ஸ்வீப்பில் கீழேயும் தெரியும். ஆகவே இரண்டு திசையிலும் ஓட்டிப் பாருங்கள். பொருந்தாவிட்டால் காத்திருப்பை இருமடங்காக்குங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால் வைஸ் தளர்வாக இருக்கிறது, அல்லது வீச்சு அதிகம்.

ஒத்ததிர்வின் அகலம் அதிர்வெண்ணைக் கியூவால் வகுத்தது, இங்கே 0.4 ஹெர்ட்ஸ். 1 ஹெர்ட்ஸ் படியாகப் போனால் சிகரத்தைத் தாண்டியே போய்விடலாம். முதலில் ஸ்கேலைச் சுண்டிவிட்டு 10 நொடி பதிவுசெய்து எஃப்எஃப்டி (அலையை அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு) பாருங்கள். 0.1 ஹெர்ட்ஸுக்குள் இடம் தெரிந்துவிடும். பிறகு அதன் இருபுறமும் 1.5 ஹெர்ட்ஸ், 0.05 படியாக 61 புள்ளிகள். ஆறு நிமிடத்தில் முடியும். அந்த நேரம் மின்விசிறியை நிறுத்தி வையுங்கள்.

## 10. வட்டத்தைப் பார்த்து முடிவு எடுங்கள்

கிடைத்த புள்ளிகளை அதிர்வெண்ணுக்கு எதிராக வரையும் முன் எக்ஸ்-ஒய் தளத்தில் வரையுங்கள். நல்ல ஒத்ததிர்வு ஒரு வட்டமாக விரியும். கசிவு மீதமிருந்தால் வட்டம் மொத்தமாக இடம் பெயரும், வட்டம் வட்டமாகவே இருக்கும். கட்டத்தில் நிலையான பிழை இருந்தால் வட்டம் பூஜ்யத்தைச் சுற்றித் திரும்பும், அவ்வளவுதான். பக்கத்தில் இன்னொரு அதிர்வு கலந்தால் வட்டத்தில் ஒரு சின்னச் சுழி விழும். வீச்சு வரைபடத்தில் இவை எதுவும் இப்படிப் பிரிந்து தெரியாது.

வட்டத்தில் புள்ளிகள் எங்கே மிக வேகமாக, மிக இடைவெளிவிட்டு ஓடுகின்றனவோ அங்கே இயல் அதிர்வெண். இந்த இடத்தில் கட்டம் ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 290 டிகிரி வேகத்தில் மாறுகிறது. ஒரு டிகிரியைப் பிரித்தறிந்தாலே 0.0035 ஹெர்ட்ஸ் கைக்கு வரும். அதே இடத்தில் வீச்சு தட்டையாக இருப்பதால் சிகரத்தைக் கண்ணால் தேடுவது மோசமான வழி.

எண்ணாக எடுக்க, சைபையின் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் கட்டளைக்கு ஒரு சமன்பாட்டைக் கொடுங்கள்: நிலையான கலப்பெண் ஒன்று (கசிவு), அதோடு கூட்டிய ஒத்ததிர்வுப் பகுதி. ஒத்ததிர்வின் மேலே ஒரு கலப்பெண் வீச்சு. கீழே 1, கழித்தல் விகிதத்தின் வர்க்கம், கூட்டல் கற்பனை அலகு × விகிதம் ÷ கியூ. விகிதம் என்றது உந்தும் அதிர்வெண்ணை இயல் அதிர்வெண்ணால் வகுத்தது. அந்தக் கட்டளை கலப்பெண்ணை ஏற்காது என்பதால் மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக் கொடுக்க வேண்டும். பொருத்திய பின் மிச்சங்களை (அளந்ததற்கும் பொருத்தியதற்கும் உள்ள வித்தியாசங்களை) வரையுங்கள். அவை சிதறலாக இல்லாமல் அலையாக நெளிந்தால், எவ்வளவு சிறிய பிழை எல்லை அச்சாகியிருந்தாலும் நம்பாதீர்கள்.

## 11. உந்த முடியாத இடத்தில்: சுண்டிவிட்டுக் கட்டச் சரிவை அளப்பது

ஒரு இரும்புக் கிராதியையோ குழாயையோ சுருள் வைத்து ஆட்ட முடியாது. அங்கே தட்டிவிட்டுப் பதிவு செய்யுங்கள். எஃப்எஃப்டி காட்டிய அதிர்வெண்ணை ரெஃபரன்ஸாக வைத்து, கால் நொடிக்கு ஒரு முறை எக்ஸும் ஒய்யும் கணக்கிடுங்கள்.

ரெஃபரன்ஸ் மிகச் சரியாக இருந்தால் கட்டம் நகராது. 0.01 ஹெர்ட்ஸ் தவறினால் நொடிக்கு 3.6 டிகிரி ஓடும். எனவே கட்டத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து, சரிவை 360ஆல் வகுத்து ரெஃபரன்ஸோடு கூட்டினால் உண்மையான அதிர்வெண். கூட்டுவதா கழிப்பதா என்பது நீங்கள் சைனுக்கு இட்ட குறியைப் பொறுத்தது. தெரிந்த அதிர்வெண்ணுள்ள செயற்கை அலையைக் கொடுத்து ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீச்சின் இயல் மடக்கை நேரத்தோடு நேர்க்கோட்டில் இறங்கும், அந்தச் சரிவிலிருந்து கியூவும் கிடைக்கும்.

கட்டம் 180ஐத் தாண்டும்போது கழித்தல் 180க்குக் குதிக்கும். நம்பையின் அன்ராப் அதைச் சரிசெய்யும். ஆனால் அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு இடையே கட்டம் 180 டிகிரிக்கும் குறைவாக நகர்ந்திருந்தால் மட்டுமே. கால் நொடிக்கு ஒரு புள்ளி என்றால் ரெஃபரன்ஸ் 2 ஹெர்ட்ஸுக்குள் இருந்தாக வேண்டும்.

தட்டிய உடனே வரும் முதல் பகுதியை வெட்டி எறியுங்கள். அப்போது மேல் அதிர்வுகளும் உயிரோடு இருக்கும், வீச்சும் பெரிது. அதன் பிறகும் கட்டக் கோடு வளைந்தே இருந்தால், வீச்சுக்கு ஏற்ப அதிர்வெண் மாறுகிறது என்று பொருள். பெரும்பாலும் பிடிமானத்தின் தளர்வு. அந்த வளைவின் நடுவே ஒரு நேர்க்கோட்டைப் பொருத்தி விடை எழுதுவதைவிட, போல்ட்டை இறுக்கிவிட்டு மறுபடி தட்டுவது மேல்.

## 12. கடிகாரத்தைச் சரிபார்ப்பது

இவ்வளவும் செய்த பின் மிஞ்சும் பிழை சவுண்ட் கார்டின் படிகம். லூப்பேக் இதை ஒருபோதும் காட்டாது. வெளியே விடுவதும் உள்ளே எடுப்பதும் ஒரே கடிகாரம் என்பதால் இரண்டும் சேர்ந்தே தவறும், விடை அழகாக 1 என்றே வரும்.

ஜிபிஎஸ் மாட்யூலின் நொடித் துடிப்பை மின்தடைகளால் குறைத்து ஒரு சேனலில் பதிவுசெய்யுங்கள். 1000 நொடிக்கு 4,80,00,000 சாம்பிள் வர வேண்டிய இடத்தில் 960 கூடுதலாக வந்தால், உண்மையான வேகம் 48000.96. நீங்கள் 78 என்று எழுதியது 78.0016. நூறில் ஒரு ஹெர்ட்ஸ் போதும் என்பவர்களுக்கு இது தேவையே இல்லை. ஆயிரத்தில் ஒரு ஹெர்ட்ஸ் என்று எழுத நினைப்பவர்கள் தவிர்க்க முடியாது.

## 13. எண்ணோடு சேர்த்து எழுத வேண்டியவை

அறை வெப்பநிலையை எழுதுங்கள். எஃகின் விறைப்பு வெப்பத்தோடு குறைவதால், இந்த ஸ்கேலில் ஒரு டிகிரி செல்சியஸுக்கு நூறில் ஒரு ஹெர்ட்ஸ் அளவில் அதிர்வெண் இறங்கும். காலையில் அளந்ததும் மதியம் அளந்ததும் நான்காம் தசமத்தில் ஒத்துப்போனால்தான் சந்தேகப்பட வேண்டும்.

வெளியே நீட்டிய நீளத்தையும் எழுதுங்கள்; நீளத்தில் அரை மி.மீ. பிழை 78இல் 0.8 ஹெர்ட்ஸ் வரை இழுக்கும். வைஸைத் திறந்து ஸ்கேலை மறுபடி மாட்டி, முழு ஸ்வீப்பையும் இன்னொரு முறை ஓட்டுங்கள். பொருத்தல் நிரல் அச்சிடும் பிழை எல்லையைவிட இந்த இரண்டு மாட்டல்களுக்கு இடையிலான வித்தியாசம் பல மடங்கு பெரிதாகவே இருக்கும். அறிக்கையில் பிழை எல்லையாகப் போட வேண்டியது அந்த வித்தியாசத்தைத்தான். பொருத்தலின் எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டுக்கொள்ளலாம்.